ஒரு நட்சத்திரம் வருகிறது, அடுத்தது ஏன் பொருந்துவதில்லை? இஸ்லாமிய வடிவியல் அலங்காரம் வரையும் முறை

கேள்வி இது: ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி பக்கம் பார்க்கும் நட்சத்திர ஜாலிகளை, அதாவது துளையிட்ட கல் திரைகளைப் போல வரைய முயல்கிறேன். எட்டு முனையோ பத்து முனையோ, ஒரு நட்சத்திரம் தனியாக அழகாக வந்துவிடுகிறது. பக்கத்தில் அடுத்ததைச் சேர்த்தால் நடுவில் கோணல்மாணலாக இடம் மிஞ்சுகிறது. பழைய கைவினைஞர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

அவர்கள் நட்சத்திரத்தில் தொடங்கவில்லை. முதலில் பரப்பு முழுவதையும் பலகோணங்களால் இடைவெளியின்றி நிரப்பினார்கள். அந்தப் பலகோணங்களின் பக்கங்களுடைய நடுப்புள்ளிகளில் கோடுகளை ஒரே கோணத்தில் பாயவிட்டார்கள். கடைசியில் பலகோணங்களை அழித்துவிட்டார்கள். நம் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரம் அந்தப் பாய்ச்சலில் தானாக விழுந்தது. அழிக்கப்பட்ட கட்டம் தெரியாமல் மேலே தெரிவதை மட்டும் நகல் எடுப்பதால்தான் இரண்டாவது நட்சத்திரத்தில் சிக்கல் வருகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை நூலகத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் இருக்கிறது. அதில் 114 வரைபடங்கள். காலம் 15ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 16ஆம் நூற்றாண்டு. மையில் வரைந்த வடிவங்களுக்கு அடியில், மையில்லாமல் கூர்முனையால் கீறிய கோடுகள் பல தாள்களில் உள்ளன. சாய்வான வெளிச்சத்தில்தான் அவை தெரியும். இந்தியாவிலும் சான்று உண்டு. ஆக்ராவில் வேலை பார்த்த நுண்ணுயிரியலாளர் இ.எச். ஹான்கின் (கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் மடிவதை 1896இல் எழுதியவர் இவரே), ஃபதேபூர் சிக்ரியின் ஒரு ஹமாமில் (குளியல் கட்டடத்தில்) சுண்ணச்சாந்து அலங்காரத்தோடு மங்கலாகக் கீறப்பட்ட பலகோணக் கட்டத்தையும் கண்டார். அதை வைத்து அவர் விளக்கிய முறையை இந்தியத் தொல்லியல் துறை 1925இல் வெளியிட்டது. இன்று கணினியில் இவ்வடிவங்களை வரையும் நிரல்கள் பலவும் அதன் மேல்தான் நிற்கின்றன.

எட்டு முனையில் தொடங்கினால் கை பழகும். 10 செ.மீ. சதுரம் போடுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும், பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடுகள் இரண்டையும் வரையுங்கள். மையத்திலிருந்து 5 செ.மீ. ஆரத்தில் வட்டம். அது நான்கு கோடுகளையும் எட்டு இடங்களில் வெட்டும். பக்க நடுப்புள்ளிகள் நான்கையும் இணைத்தால் சாய்ந்த சதுரம். மூலைவிட்டப் புள்ளிகள் நான்கையும் இணைத்தால் நேர்ச் சதுரம். இரண்டின் வெளிவிளிம்பும் சேர்ந்து எட்டு முனை நட்சத்திரம். அதன் 16 விளிம்புகளும் 2.07 செ.மீ. இருக்க வேண்டும்; இரண்டு மூன்றை அளந்து பார்த்தாலே துல்லியம் தெரிந்துவிடும். இதே சதுரத்தை நாலாபக்கமும் அடுக்கினால் நட்சத்திரங்கள் முனையோடு முனை தொடும், நான்கு நட்சத்திரங்களுக்கு நடுவே கூர்முனைச் சிலுவை ஒன்று மிஞ்சும். 13ஆம் நூற்றாண்டில் ஈரானின் காஷான் நகர் ஓடு செய்வோர் சுவர்களை மூடியது இந்த இணையால்தான். வராமின் ஊரின் இமாம்சாதா யஹ்யா கல்லறையில் (1262) பதித்த ஓடுகளில் வடிவியல், கொடிக்கருக்கு, விளிம்பைச் சுற்றிக் குர்ஆன் வரிகள் என மூன்றும் ஒரே ஓட்டில் இருக்கின்றன. சில ஆண்டுகளில், 1270களில், தக்த்-இ-சுலைமான் அரண்மனைக்காகச் செய்த ஓடுகளில் டிராகனும், பாரசீகக் கதைகளில் வரும் சிமுர்க் பறவையும் உண்டு. "இஸ்லாத்தில் உருவம் கூடாது, அதனால் வடிவியல் வந்தது" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த ஓடுகளைக் கொஞ்சம் பார்க்கலாம். தொழுகை இடத்தில் உருவத்தைத் தவிர்த்தார்கள், அரண்மனையில் அவ்வளவு தயங்கவில்லை.

மேலே சொன்னது ஓட்டுக்கு ஏற்ற வடிவம். ஜாலிக்கும் மரத்தில் செய்யும் பட்டை வேலைக்கும் அது போதாது. காரணம், மூலைவிட்டத்தில் உள்ள முனைகளில் கோடு மடங்கி நின்றுவிடுகிறது, குறுக்கே போவதில்லை. ஒவ்வொரு நட்சத்திரத்தின் நேர்ச் சதுரக் கோடுகளையும் அடுத்த நட்சத்திரம் வரை நீட்டிப் பாருங்கள். சிலுவையின் நடுவில் 2.93 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் புதிதாகத் தோன்றும், எல்லா முனையும் இப்போது இரண்டு கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் வெட்டாகிவிடும். நீங்கள் அறியாமலே எண்கோணமும் சிறு சதுரமும் கலந்த கட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். 10 செ.மீ. சதுரத்தின் நான்கு மூலைகளையும் 2.93 செ.மீ. அளவில் வெட்டினால் வரும் எண்கோணம்தான் அது; வெட்டிய மூலைகள் நான்கு சேர்ந்தால் கட்டத்தின் சிறு சதுரம். நட்சத்திர முனைகள் எட்டும் அதன் பக்க நடுப்புள்ளிகளில் விழுகின்றன.

இங்கிருந்து ஒரு பொதுவிதி கிடைக்கிறது. ஒழுங்குப் பலகோணத்தில் ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியை, அதிலிருந்து எண்ணி எத்தனையாவது பக்கத்தின் நடுப்புள்ளியோடு இணைக்கிறீர்களோ, அந்த எண்ணை 180 டிகிரியால் பெருக்கி, பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், கோடு பக்கத்தோடு செய்யும் கோணம் வரும். எண்கோணத்தில் இரண்டாவதோடு இணைத்தால் 45 டிகிரி, மூன்றாவதோடு இணைத்தால் 67.5 டிகிரி. கோணம் கூடினால் முனை கூர்மையாகும். கட்டம் முழுவதும் அந்த ஒரே கோணத்தை விடாமல் பிடிக்க வேண்டும். எண்கோணத்தில் 67.5, சிறு சதுரத்தில் 45 என்று கலந்தால் கோடு பக்கத்தைக் கடக்கும் இடத்தில் முறியும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று படும்.

இப்போது பத்து முனை. உங்கள் சிக்கல் அநேகமாக இங்கேதான். ஏ4 தாளை அகலவாட்டில் வையுங்கள். இடக்கீழ்ப் பக்கம், ஓரத்திலிருந்து 7 செ.மீ. உள்ளே ஒரு புள்ளி. அதை அ என்போம். அதன் வழியே ஒரு கிடைக்கோடு, அதிலிருந்து மேல்நோக்கி ஒரு செங்குத்து. அ-வை மையமாக வைத்து 10 செ.மீ. கால்வட்டம் போடுங்கள். கிடைக்கோட்டில் அ-வுக்கு இடப்பக்கம் 5 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. காம்பஸ் முள்ளை அதில் ஊன்றி, பென்சிலைச் செங்குத்தும் கால்வட்டமும் சந்திக்கும் இடம் வரை விரியுங்கள். அந்த விரிவு 11.18 செ.மீ. அதை மாற்றாமல் வலப்பக்கம் சுழற்றிக் கிடைக்கோட்டை வெட்டுங்கள். அந்த வெட்டுக்கும் அ-வுக்கும் உள்ள தூரம் 6.18 செ.மீ.; 10 செ.மீ. வட்டத்தைப் பத்தாகப் பிரிக்கும் நாண் அதுவே. அதைக் கால்வட்டத்தில் கீழிருந்து இரண்டு முறை எடுத்து வைத்தால் 36, 72 டிகிரி. இடையில் உள்ளவற்றைப் பாதியாக்கினால் 18, 54. அ-விலிருந்து இந்தப் புள்ளிகள் வழியே கதிர்கள் வரையுங்கள். செங்கோணம் ஐந்து சம பங்காகிவிட்டது. கோணமானியால் 18 வைக்கலாமே என்று கேட்பீர்கள். பள்ளிக் கோணமானியில் அரை டிகிரி பிசகுவது சாதாரணம், 20 செ.மீ. தள்ளி அது ஏறக்குறைய 1.7 மி.மீ. பிழையாக நிற்கும்.

அடுத்து செவ்வகம். 11.18 செ.மீ. விரிவை அ-விலிருந்து செங்குத்தில் எடுத்து வையுங்கள். அங்கிருந்து கிடையாக ஒரு கோடு, 36 டிகிரிக் கதிரைத் தொடும் வரை. தொட்ட இடத்திலிருந்து கீழே செங்குத்து இறக்கினால் 15.39 × 11.18 செ.மீ. செவ்வகம் முடிந்தது, 36 டிகிரிக் கதிர் அதன் மூலைவிட்டம். அதன் நீளம் 19.02 செ.மீ. வந்தால் சரியாகப் போகிறீர்கள் என்று பொருள். மூலைவிட்டத்தின் நடுவே செவ்வகத்தின் மையம். அ-வுக்கும் மையத்துக்கும் பாதித் தூரத்தில், அதாவது 4.755 செ.மீ.யில், மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு சிறு கோடு வரையுங்கள். அது 18, 54 டிகிரிக் கதிர்களை வெட்டும் துண்டு 3.09 செ.மீ. இரண்டு பதின்கோணங்கள் முதுகோடு முதுகு ஒட்டும் பக்கம் அது. அ-விலிருந்து அந்த வெட்டுப் புள்ளிகள் 5 செ.மீ. தூரத்தில் இருக்கும். மையத்தில் 5 செ.மீ. ஆரத்தில் முழுப் பதின்கோணம், நான்கு மூலைகளிலும் கால் பதின்கோணம் என்று வரைந்து முடியுங்கள். செவ்வகப் பக்கங்களின் நடுவில் மிஞ்சுவது உடுக்கை வடிவம்: இரு முனையிலும் அகன்று இடுப்பில் 1.18 செ.மீ.க்குக் குறுகியது. ஆறு பக்கம், ஒவ்வொன்றும் அதே 3.09 செ.மீ. ஈரானியக் கைவினைஞர்கள் இதைச் சுர்மாச் சிமிழ் என்பார்கள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். பத்து முனை நட்சத்திரத்தை 5 செ.மீ. வட்டத்தில் வரைந்து, அடுத்த வட்டத்தை 10 செ.மீ. தள்ளி வைப்பது, அதாவது வட்டமும் வட்டமும் தொடும்படி. ஆனால் பதின்கோணங்கள் முனையில் தொடக் கூடாது, பக்கத்தில் ஒட்ட வேண்டும். மையங்களின் சரியான தூரம் 9.51 செ.மீ. ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இந்த வித்தியாசம்தான் உடுக்கையைக் கோணலாக்குகிறது. இரண்டாவது தவறு, நட்சத்திரங்களைச் சதுரக் கட்டத்தில் அடுக்குவது. பத்து முனைக்குச் சதுரம் ஒத்துவராது. அண்டை மையங்களின் திசைகள் ஒன்றுக்கொன்று 72 அல்லது 108 டிகிரி இருக்க வேண்டும்.

கட்டம் முடிந்ததும் கோடு பாய்ச்சுங்கள். ஒவ்வொரு பதின்கோணத்துக்குள்ளும் 4.755 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் அது பக்க நடுப்புள்ளிகள் பத்தையும் தொட்டுச் செல்லும். ஒவ்வொன்றையும் மூன்றாவதோடு இணையுங்கள். பக்கத்தோடு 54 டிகிரி, முனைக்கோணம் 72. முதல் வெட்டு வரை வைத்து உள்ளே அழித்தால் வெறும் நட்சத்திரம். இரண்டாவது வெட்டு வரை வைத்தால் நடுவில் சிறிய நட்சத்திரமும் அதைச் சுற்றிப் பத்துக் காற்றாடி (பறக்கவிடும் பட்டம்) வடிவங்களும் வரும். உடுக்கைக்குள் வேலை இன்னும் எளிது. 72 டிகிரி மூலை ஒவ்வொன்றிலும், அதன் இரு பக்க நடுப்புள்ளிகளை நேராக இணைத்தாலே போதும். 54, 54, 72 சேர்ந்து 180 ஆவதால் கோடு தானாகவே பதின்கோணத்திலிருந்து வந்த திசையில் இருக்கும். இடுப்பை ஒட்டிய நான்கு பக்கங்களின் மீதிக் கோடுகளை உள்ளே நீட்டினால், இரண்டிரண்டாக உடுக்கையின் நடு அச்சில் சந்திக்கும். அங்கேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு உடுக்கையிலும் இரண்டு காற்றாடிகள் எதிரெதிரே கிடைக்கும்: 72, 72, 72, 144 டிகிரி. இந்தக் கோணங்கள் வராவிட்டால் தவறு கட்டத்தில் இருக்கிறது, கோட்டில் தேடிப் பயனில்லை.

கட்டத்தை மாற்றாமல் கோணத்தை மட்டும் மாற்றலாம். நான்காவதோடு இணைத்தால் 72 டிகிரி, ஊசி போன்ற முனைகள். இரண்டாவதோடு இணைத்தால் 36, மழுங்கிய முனைகள். ஒரே கட்டத்திலிருந்து வெவ்வேறு வடிவங்கள் பிறப்பது இப்படித்தான். ஆனால் உடுக்கை போன்ற குறுகலான இடங்களில் கோடு எங்கே முடிவது என்பதை அப்போது நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் முயற்சிக்கு 54 டிகிரிதான் நல்லது.

பெரிய பரப்புகளில் பதின்கோணம், உடுக்கை இரண்டோடு ஐங்கோணம், நீண்ட அறுகோணம், சாய்சதுரம் மூன்றும் சேரும். ஐந்துக்கும் பக்க நீளம் ஒன்றே, கோணங்கள் எல்லாம் 36இன் மடங்குகள், அதனால் எதன் பக்கத்தில் எதையும் ஒட்டலாம். அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு மேசையில் அடுக்கிப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஈரானில் மராகாவின் கும்பத்-இ-கபூத் கல்லறைக் கோபுரம் (1197), இஸ்ஃபஹானின் தர்ப்-இ-இமாம் வழிபாட்டிடம் (1453) இரண்டின் வடிவங்களையும் இந்த ஐந்து ஓடுகளால் பிரித்துக் காட்டலாம் என்று இயற்பியலாளர்கள் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் இருவரும் 2007இல் எழுதினார்கள். தர்ப்-இ-இமாமில் பெரிய வடிவத்துக்குள் அதே குடும்பத்தின் சிறிய வடிவம் அடங்கியிருப்பது உண்மை, அது அபாரமான வேலை. அதற்காக, 1970களில் கணித அறிஞர் ரோஜர் பென்ரோஸ் கண்ட, ஒரே அடுக்கு திரும்பத் திரும்ப வராத ஓடமைப்பை 15ஆம் நூற்றாண்டுக் கொத்தனார் முன்பே அறிந்திருந்தார் என்று செய்தித்தாள்கள் குதித்தது கொஞ்சம் அதிகம். ஒரு வாசல் வளைவை நிரப்ப முடிவிலிக்கான விதி தேவையில்லை, அந்த வளைவுக்குப் பொருந்தினால் போதும்.

பின்னல் வேலைக்கு வருவோம். கோட்டின் இருபுறமும் இணைகோடு போட்டுப் பட்டையாக்கி, ஒரு வெட்டில் மேலே, அடுத்ததில் கீழே என்று ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எல்லா வெட்டிலும் இரண்டே பட்டைகள் கடப்பதால் இது முரண்படாமல் முடியும். எங்காவது இரண்டு முறை தொடர்ந்து 'மேலே' வந்தால் பின்னால் ஒரு வெட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். ஒரு செவ்வகத்தில் பின்னலை முடித்துவிட்டு அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டுவதுதான் கணினியில் வரைவோர் செய்யும் பெரிய தவறு. பட்டையாக்காத வெறும் கோட்டு வடிவத்துக்கு அது சரி. பின்னலுக்கு ஆகாது: திருப்பும்போது எல்லைக்கோட்டின் மேலுள்ள வெட்டில் மேல் பட்டை எது என்று இரு பக்கமும் வேறு வேறாகச் சொல்லும். முழுப் பரப்பின் கோட்டு வடிவத்தையும் முடித்துவிட்டுக் கடைசியில் பின்னுங்கள். பட்டையின் அகலத்தை மிகச் சிறிய வடிவம்தான் தீர்மானிக்கும். மேலே சொன்ன அளவில் 3 மி.மீ.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் உடுக்கைக் காற்றாடிகள் அடைத்துக்கொள்ளும்.

இதை ஒரு ஜன்னல் ஜாலிக்கோ தடுப்புக்கோ கொண்டு போகும்போது அளவு பொருந்தாமல், எந்திரத்தில் வெட்டுபவர் ஒரு பக்கமாக இழுத்துவிடுவார். இழுத்தால் 36 டிகிரி போய்விடும், வட்டம் முட்டையாகும். மேலே வரைந்த பத்து முனைச் செவ்வகத்தின் பக்க விகிதம் 1.376; அதை மாற்றவே முடியாது. உதாரணமாக 90 × 210 செ.மீ. தடுப்பு. செவ்வகத்தை நிமிர்த்திக் குட்டைப் பக்கத்தை 30 செ.மீ. ஆக்கினால் அகலத்தில் மூன்று சரியாக அமரும். உயரம் ஒவ்வொன்றும் 41.29 செ.மீ., ஐந்து அடுக்கினால் 206.46. மீதி மூன்றரை செ.மீ.யை மேலும் கீழும் சட்டமாக்கிவிடுங்கள். விளிம்பில் பாதி நட்சத்திரமும் மூலையில் கால் நட்சத்திரமும் நிற்பது குறையில்லை, மரபே அதுதான். கண்ட இடத்தில் வெட்டுவதுதான் குறை.

பொருளைப் பொறுத்தும் முறை மாறும். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் ஸெலிஜ் என்னும் ஓட்டுத் துண்டு வேலை செய்பவர்கள் வண்ண மெருகு ஏற்றிச் சுட்ட ஓட்டின் மேல் வடிவத்தை வரைந்து, கூரிய கனத்த சுத்தியலால் துண்டு துண்டாகக் கொத்தி எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டின் பக்கவாட்டையும் பின்புறம் நோக்கிச் சாய்வாகச் சீவுவது முக்கியம். சீவாவிட்டால் முகப்பு விளிம்புகள் நெருங்குவதற்கு முன்பே அடிப்பகுதி இடித்துக்கொள்ளும், பல்லிளிக்கும் இடைவெளி விழும். பிறகு வண்ண முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து அடுக்கி, முதுகில் சாந்து ஊற்றி, காய்ந்ததும் நிமிர்த்துவார்கள். அடுக்கும்போது வண்ணம் தெரியாது, இடமும் வலமும் மாறியிருக்கும். எது எங்கே என்பது நினைவில் இருந்தாக வேண்டும். மரத்தில் வேறு தர்க்கம். வறண்ட நாட்டில் அகலப் பலகை சுருங்கிப் பிளக்கும். அதனால் கெய்ரோ, அனடோலியா (இன்றைய துருக்கி) பகுதிகளின் மிம்பர்களிலும் (மசூதிச் சொற்பொழிவு மேடைகளிலும்) கதவுகளிலும் நட்சத்திரத் துண்டுகளைப் பள்ளமும் நாக்குமாகப் பட்டைகளுக்குள் செருகினார்கள். நல்ல வேலையில் ஆணியோ பசையோ இருக்காது, துண்டுகள் விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும். நேர்த்தி என்று நினைத்துப் பசை போட்டால் இரண்டு கோடையில் விரிசல் விழும்.

கடைசியாக, எண்களின் தேர்வு. 4, 5, 6, 8, 10, 12 எல்லாம் காம்பஸுக்கு அடங்கும். 7 அடங்காது. அதற்கு ஒரு பழைய குறுக்கு வழி உண்டு: வட்டத்துக்குள் சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் பக்கத்தில் பாதியை எழுகோணத்தின் பக்கமாக எடுப்பது. கைவினைஞர்களுக்காக வடிவியல் நூல் எழுதிய 10ஆம் நூற்றாண்டு பாக்தாத் கணித அறிஞர் அபுல் வஃபாவிடமும் இது இருக்கிறது. 10 செ.மீ. ஆர வட்டத்தில் ஏழு முறை எடுத்து வைத்தபின் ஒன்றரை மி.மீ.க்கும் குறைவாகவே இடைவெளி மிஞ்சும். அதை ஒரே மூலையில் தள்ளாமல், காம்பஸை மயிரிழை விரித்து ஏழு பக்கத்துக்கும் பகிர்ந்துவிடுங்கள்.